ஆற்று பாஸ் மீனுக்கான விதிகள்: எந்தச் சாவைத் தடுக்கும், எதைத் தடுக்காது

அமெரிக்க ஆறுகளிலும் ஓடைகளிலும் ஸ்மால்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிப்பவர்களுக்கு நீள வரம்பு (இந்த நீளத்துக்குக் குறைந்த மீனை எடுக்கக் கூடாது), எண்ணிக்கை வரம்பு, பருவத் தடை என்று ஏன் இத்தனை விதிகள்? ஏரிக்கு ஒரு விதியும் ஆற்றுக்கு வேறு விதியும் ஏன்? பிடித்ததையெல்லாம் திரும்ப விட்டுவிட்டால் மீன் தானாகவே பெருகிவிடாதா? கேட்கப்பட்டிருக்கும் இந்த மூன்று கேள்விகளையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஓர் ஆற்றில் பாஸ் மீன்கள் பல வழிகளில் சாகின்றன. குஞ்சுப் பருவத்தில் வெள்ளம் அடித்துச் செல்கிறது, நோய் தாக்குகிறது, பிற மீன்களும் பறவைகளும் நீர்நாய்களும் தின்கின்றன, கோடையில் நீர் சூடாகி, கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. இவற்றோடு மனிதனின் தூண்டிலும் சேர்கிறது. மீன்பிடி விதியால் தடுக்க முடிவது இந்தக் கடைசிச் சாவை மட்டும்தான். எனவே ஒரு விதி பயன் தருமா என்பது, அந்தக் குறிப்பிட்ட ஆற்றில் எந்தச் சாவு மிகுதியாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதைப் பார்க்காமல் ‘வரம்பைக் கூட்டு’ என்றோ ‘வரம்பை நீக்கு’ என்றோ பேசுவதில் பொருளில்லை.

முதலில் மிசூரி மாநிலத்தின் தென்பகுதியில் உள்ள ஓசார்க் ஓடைகளை எடுத்துக்கொள்வோம். கரன்ட், ஜாக்ஸ் ஃபோர்க், பிக் பைனி, கேஸ்கனேட், மெராமெக், லெவன் பாயின்ட் ஆகியவை சுண்ணாம்புப் பாறை மலைகளிடையே, பெரும்பாலும் ஊற்றுநீரால் ஓடுபவை. கரன்ட் ஆற்றையும் ஜாக்ஸ் ஃபோர்க்கையும் காக்க 1964-இல் அமெரிக்க நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. இந்த நீர் தெளிவானது, குளிர்ச்சியானது. ஊட்டச்சத்து குறைந்ததும்கூட. இங்குள்ள ஸ்மால்மவுத் மெதுவாகத்தான் வளரும். 12 அங்குலத்தை, அதாவது 30 சென்டிமீட்டரை எட்ட ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆகும். 15 அங்குலத்துக்கு ஆறு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். 18 அங்குல மீன் ஒன்று கையில் அகப்பட்டால் அது பத்து வயதை நெருங்கியது என்று எண்ணலாம். அதை ஒரு நாள் சமையலுக்கு எடுத்துச் சென்றால், அந்த இடத்தை நிரப்ப ஆற்றுக்கு அத்தனை ஆண்டுகள் வேண்டும்.

ஏரிக்கும் ஆற்றுக்கும் உள்ள முதல் வேறுபாடு இதுவே. பெரிய நீர்த்தேக்கத்தில் இரை மீன் மிகுதி, வளர்ச்சி வேகம், ஒளிந்துகொள்ள ஆழமும் உண்டு. ஓடையிலோ கோடை மாதங்களில் மீன் தங்குவதற்கு ஏற்ற மடுக்கள் சிலவே. கால் நனைய நடந்தோ சிறு படகில் மிதந்தோ போகும் ஒருவர் காலையிலிருந்து மாலைக்குள் பல மைல் நீளத்தில் உள்ள நல்ல இடங்கள் அனைத்திலும் தூண்டில் போட்டுவிட முடியும். வளர்ந்த ஸ்மால்மவுத் கோடையில் தன் மடுவையும் அதன் சுற்றுப்புறத்தையும் விட்டு அதிகம் நகர்வதில்லை. குளிர்காலத்திலோ சில ஓடைகளின் மீன்கள் பல கிலோமீட்டர் நீந்திச் சென்று ஆழமான மடுக்களிலும், ஆண்டு முழுவதும் ஒரே வெப்பநிலையில் இருக்கும் ஊற்றுவாய்களிலும் கூட்டமாகத் தங்குகின்றன. அப்போது ஓர் ஆற்றின் நீண்ட பகுதிக்குரிய மீன்கள் ஒரே இடத்தில் திரண்டிருக்கும். இடமறிந்த இரண்டு மூன்று பேர் அங்கே அளவின்றிப் பிடித்தால் விளைவு அந்த ஒரு மடுவோடு நிற்காது.

இனப்பெருக்க முறையும் விதிகளுக்கு ஒரு காரணம். வசந்தத்தில் நீர் ஏறக்குறைய 15, 16 டிகிரி செல்சியஸுக்குச் சூடானதும் ஆண் மீன் சரளைப் படுகையில் வாலால் துடைத்து வட்டமான கூடு அமைக்கிறது. பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டைகள் பொரிந்து, குஞ்சுகள் கரும்புள்ளிகளாகக் கூட்டை விட்டு எழுந்து, தாமே இரை தேடும் வரை வாரக்கணக்கில் காவல் இருப்பது ஆண் மீன்தான். அந்த நாட்களில் அது சரியாக உண்பதில்லை. கூட்டருகே எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும். தூண்டிலுக்கு அது மிக எளிதாக அகப்படுவதும் அப்போதுதான். காவல் மீனை அகற்றிய சில நிமிடங்களிலேயே சூரியமீன்கள் (சன்ஃபிஷ்) என்ற சிறு மீன்கள் கூட்டுக்குள் புகுந்து முட்டைகளைத் தின்னத் தொடங்கிவிடும். பல மாநிலங்கள் வசந்தகாலத்தில் ஆற்று பாஸைப் பிடித்தாலும் எடுத்துச் செல்லக் கூடாது என்று விதித்ததற்கு இது அடிப்படை. மிசூரி தன் தென்பகுதி ஓடைகளில் மார்ச் தொடக்கத்திலிருந்து மே மாதத்தின் நான்காம் சனிக்கிழமை வரை பல்லாண்டு காலம் இந்த முறையைப் பின்பற்றியது. பென்சில்வேனியாவும் தன் ஆறுகளில் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை பாஸை எடுக்கத் தடை விதித்தது. அந்த வாரங்களில் மீன்பிடிப் போட்டிகள் நடத்தவும் இடமில்லை.

ஆனால் இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எத்தனை கூடுகள் பிழைத்தன என்பதைவிட, ஜூன் மாதத்தில் ஆறு எப்படி ஓடியது என்பதே அந்த ஆண்டின் குஞ்சுகளைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. வர்ஜீனியாவின் ஜேம்ஸ், ஷெனான்டோவா, ராப்பஹானக் ஆறுகளின் நீண்டகாலக் கணக்குகளை ஆராய்ந்தவர்கள், ஜூன் நீரோட்டம் வழக்கமான சராசரியை ஒட்டி இருந்த ஆண்டுகளில்தான் மிகுதியான குஞ்சுகள் தேறின என்று கண்டார்கள். வெள்ளம் வந்தால் நகக்கண் அளவுள்ள குஞ்சுகளை அது அடித்துக்கொண்டு போய்விடுகிறது. இதனால் ஆற்று பாஸின் வயதுக் கணக்கு சீராக இருப்பதில்லை: ஒரு நல்ல ஆண்டில் பிறந்த கூட்டம் அடுத்த ஏழெட்டு ஆண்டுகளுக்கு அந்த ஆற்றையே தாங்கி நிற்கும், இடையில் வரும் மோசமான ஆண்டுகளில் பிறந்தவை பெயருக்குத்தான் இருக்கும். என் பார்வையில் நீள வரம்பின் உண்மையான பணி இங்கேதான் இருக்கிறது. அது குஞ்சுகளை உண்டாக்குவதில்லை. எப்போதாவது அமையும் நல்ல ஆண்டின் கூட்டம் ஓரிரு கோடைகளில் தீர்ந்துபோகாமல், அடுத்த நல்ல ஆண்டு வரும் வரை முட்டையிடும் மீன்களாக நீடிக்க வழி செய்கிறது.

மிசூரியின் பொதுவிதி எளியது: ஓடைகளில் 12 அங்குலத்துக்குக் குறைந்த பாஸை வைத்திருக்கக் கூடாது, நாளொன்றுக்கு எல்லா வகை பாஸும் சேர்ந்து ஆறு. இதோடு, ஸ்மால்மவுத்துக்கு நல்ல வாழிடமுள்ள சில ஓடைப் பகுதிகளைத் தனி மேலாண்மைப் பகுதிகளாகப் பிரித்து, அங்கே 15 அங்குலத்துக்கு மேற்பட்ட ஒரே ஒரு ஸ்மால்மவுத் மட்டும் எடுக்கலாம் என்று வைத்தார்கள். எல்லா ஓடைக்கும் இதையே விதித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. மீன் மெதுவாக வளர்ந்து 14 அங்குலத்துக்குள்ளேயே பெரும்பாலானவை இயற்கையாகச் செத்துப்போகும் சிற்றோடையில் 15 அங்குல வரம்பு யாருக்கும் பயன்படாது. பெரிய மீன் உருவாகாது, சாப்பிட விரும்புபவருக்கும் எதுவும் கிடைக்காது. வளர்ச்சி ஓரளவு நன்றாகவும், இயற்கைச் சாவு குறைவாகவும், எடுத்துச் செல்வோர் மிகுதியாகவும் உள்ள பகுதிகளில்தான் உயர்ந்த வரம்பு பலன் கொடுக்கும். இதை அறிய மீனின் செவிக்கல்லையோ (காதுக்குள் இருக்கும் சிறு கல்) செதிலையோ எடுத்து வயது பார்க்க வேண்டும், அடையாள வில்லை பொருத்தி விட்டு எத்தனை திரும்பி வருகின்றன என்று எண்ண வேண்டும். அதற்குப் பணமும் வேண்டும். மிசூரி மக்கள் 1976-இல் வாக்களித்து, விற்பனை வரியில் ஒரு விழுக்காட்டின் எட்டில் ஒரு பங்கை இயற்கைப் பாதுகாப்புக்கென்றே ஒதுக்கினார்கள். அந்த மாநிலத்தில் ஓடைவாரியாக ஆய்ந்து விதி வகுக்க முடிந்ததற்கு இந்த நிலையான வருவாய் பெரிய காரணம் என்று கருதுகிறேன்.

எடுத்துச் செல்வோர் எத்தனை பேர் என்பது முக்கியமான கேள்வி. கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் பாஸ் பிடிப்பவர்களில் பெரும்பாலோர், சட்டம் அனுமதித்தாலும், பிடித்ததை விட்டுவிடும் பழக்கத்துக்கு வந்துவிட்டார்கள். அப்படிப்பட்ட ஆற்றில் வரம்பை 12-இலிருந்து 15-ஆக உயர்த்தினாலும் மீன்தொகையில் மாற்றம் தென்படாது; உயர்த்தும் முன்பே அந்த மீன்கள் உயிரோடுதான் விடப்பட்டுக்கொண்டிருந்தன. இடைநீள மீன்களை மட்டும் காத்து, சிறியதையும் மிகப் பெரியதையும் எடுக்க விடும் விதிக்கும் இதே கதிதான். அந்த விதியின் கணக்கே, சிறு மீன்களை மக்கள் எடுத்து உண்டு நெரிசலைக் குறைப்பார்கள், மிச்சமிருப்பவை வேகமாக வளரும் என்பதுதான். சிறு மீனை யாரும் எடுக்காவிட்டால் பாதிக் கணக்கு அங்கேயே விழுந்துவிடுகிறது. விதிப்படி எடுக்கக்கூடிய மீனை உண்பவரைக் குற்றவாளியாகப் பார்க்கும் போக்கு சில இடங்களில் இருக்கிறது. அது அறிவியலுக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது.

விட்டுவிட்ட மீன் எல்லாம் பிழைக்கும் என்றும் எண்ணிவிட வேண்டாம். உதட்டில் தூண்டில் முள் குத்திய மீன் பெரும்பாலும் பிழைக்கிறது. உயிர் இரையை விழுங்கி, தொண்டையிலோ செவுளிலோ முள் ஏறிய மீனுக்கு ஆபத்து பல மடங்கு. நீர் சூடேறியிருக்கும் கோடைப் பிற்பகலில் நெடுநேரம் இழுத்துக் களைத்த மீன், நீந்திப் போனது போலத் தோன்றினாலும் பிறகு செத்துப்போகலாம். ஒரே மடுவில் ஒரே கோடையில் ஒரு மீன் பலமுறை பிடிபடும்போது சிறு விழுக்காடுகளும் கூடிக்கொண்டே போகின்றன. பிடித்து விடுதல் சாவைக் குறைக்கும், முற்றாக நீக்காது என்பதுதான் சரியான கணக்கு.

இனி பென்சில்வேனியாவின் சஸ்குவஹானா ஆற்றுக்கு வருகிறேன். விதியின் எல்லையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆறு எனக்குத் தெரிந்து இல்லை. அமெரிக்கக் கிழக்குக் கரையின் செசபீக் விரிகுடாவுக்கு வந்து சேரும் நன்னீரில் ஏறக்குறைய பாதி இந்த ஆற்றினுடையது. அகலமும் ஆழமின்மையும் கல்படுகையும் கொண்ட இதன் நடுப்பகுதி, நாட்டிலேயே சிறந்த ஸ்மால்மவுத் ஆறுகளில் ஒன்றாகப் பெயர்பெற்றிருந்தது. 2005-ஆம் ஆண்டுக் கோடையில், நீர் தாழ்ந்து சூடாகியிருந்தபோது, அந்த ஆண்டு பிறந்த பாஸ் குஞ்சுகள் உடலில் வெண்புண்களோடு கரையோரத்தில் செத்து மிதந்தன. இதன் கிளையாறான ஜூனியாட்டாவிலும் அதே நிலை. நீரிலும் மண்ணிலும் இயல்பாகவே இருக்கும், வலுவிழந்த மீனை மட்டுமே வீழ்த்தும் ஒரு பாக்டீரியா புண்களில் இருந்தது கண்டறியப்பட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் குஞ்சுகள் செத்தன. குஞ்சு தேறாததால் சில ஆண்டுகளில் வளர்ந்த மீன்களும் கடுமையாகக் குறைந்தன.

பென்சில்வேனியா மீன் மற்றும் படகு ஆணையத்தின் கையில் இருந்த கருவி மீன்பிடி விதி மட்டும்தான். 2011 முதல் சஸ்குவஹானாவில் சன்பரியிலிருந்து ஹோல்ட்வுட் அணை வரையும், ஜூனியாட்டாவின் கீழ்ப்பகுதியிலும் ஒரு பாஸைக்கூட எடுத்துச் செல்லக் கூடாது என்று அது விதித்தது. பிறகு முட்டையிடும் காலத்தில் பாஸை நாடித் தூண்டில் போடுவதையே தடை செய்தது. நோய்க்கும் தூண்டிலுக்கும் தொடர்பில்லை என்பது ஆணையத்துக்குத் தெரியாததல்ல. குஞ்சு வராத ஆற்றில் எஞ்சியிருக்கும் தாய்மீன்களையாவது காப்போம் என்பதுதான் நோக்கம். அப்போது ஆணையத்தின் செயல் இயக்குநராக இருந்த ஜான் ஆர்வே, ஆற்றையே மாசடைந்ததாக அறிவித்துச் சீரமைப்புத் திட்டம் தொடங்க வேண்டும் என்று வெளிப்படையாகவும் விடாமலும் வலியுறுத்தினார். மாநிலச் சுற்றுச்சூழல் துறையோ, மீன் நோயுறுவது உண்மைதான், ஆனால் எந்த மாசு அதற்குக் காரணம் என்று காட்டப்படவில்லை என்று ஏற்க மறுத்தது. 2014 இறுதியில் ஆற்றங்கரை ஊரான டங்கனன் அருகே பிடிபட்ட ஒரு பாஸின் வாயில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்று 2015-இல் உறுதியானபோது இந்த விவாதம் நாடு முழுவதும் பேசப்பட்டது. அது ஒரே ஒரு மீன். அதைக் கொண்டு ஆற்றைப் பற்றிய முடிவுக்கு வர முடியாது. கவலைக்குரியது குஞ்சுகளின் சாவுதான்.

பல துறை வல்லுநர்கள் சேர்ந்து, 14 சாத்தியமான காரணங்களை ஒவ்வொன்றாக எடைபோட்ட ஆய்வு 2015 இறுதியில் வெளியானது. அதன்படி அதிக வாய்ப்புள்ள காரணங்கள் இரண்டு தொகுதிகள்: ஹார்மோன் இயக்கத்தைக் குலைக்கும் வேதிப்பொருட்களும் களைக்கொல்லிகளும் ஒன்று, நோய்க்கிருமிகளும் ஒட்டுண்ணிகளும் மற்றொன்று. இந்த முடிவுக்குப் பின்னணி பக்கத்து ஆற்றில் ஏற்கனவே இருந்தது. பொடோமக்கின் தெற்குக் கிளையில் 2002 முதல் மீன்கள் செத்தபோது ஆராய்ந்த அமெரிக்க நிலவியல் அளவைத் துறையினர், ஆண் ஸ்மால்மவுத்தின் விந்தகத்துக்குள் முட்டை உயிரணுக்கள் இருப்பதைக் கண்டார்கள். வயல்களின் களைக்கொல்லி, கால்நடைக் கழிவு, நகரங்களின் கழிவுநீர் எல்லாம் முட்டையிடும் காலமான வசந்த மழையோடு ஆற்றில் இறங்குகின்றன. இதில் எந்த ஒன்றையும் தூண்டில்காரரின் அளவுகோல் தொடாது.

பிந்தைய ஆண்டுகளில் நோய் தணிந்தது; குஞ்சுகள் தேறின; வளர்ந்த மீன்களும் மீண்டும் பெருகின. பிடித்தால் விட வேண்டும் என்ற விதிதான் ஆற்றை மீட்டது என்று சிலர் சொல்வது மிகைப்பேச்சு. ஆனால் நல்ல ஆண்டுகள் வந்தபோது முட்டையிட ஆற்றில் தாய்மீன்கள் இருந்தன என்பதில் அந்த விதிக்குப் பங்கு உண்டு என்று நம்புகிறேன். ஓர் அவசரகால விதியிடம் எதிர்பார்க்கக்கூடியதும் அவ்வளவுதான்.

பாதுகாப்பு என்ற சொல் எல்லா ஆற்றிலும் மீனைக் கூட்டுவதையே குறிக்காது என்பதையும் சொல்ல வேண்டும். சஸ்குவஹானாவுக்கே ஸ்மால்மவுத் சொந்தமில்லை. 1854-இல் ஒஹாயோ ஆற்றுப் படுகையிலிருந்து சில பத்து மீன்கள் ரயில் இயந்திரத்தின் தண்ணீர்த் தொட்டியில் மலை கடந்து கொண்டுவரப்பட்டுப் பொடோமக்கில் விடப்பட்டன. பின்னர் அங்கிருந்துதான் சஸ்குவஹானாவுக்கும் வந்தன. ஒன்றரை நூற்றாண்டாக அங்கே வேரூன்றிவிட்ட மீன் அது. மேற்கே கொலராடோ ஆற்றில் நிலைமை வேறு. கிளென் கேன்யன் அணையின் நீர்த்தேக்கமான பவல் ஏரியில் நீர் தாழ்ந்து, மேல்மட்டச் சூடான நீரோடு ஸ்மால்மவுத்தும் அணையைக் கடந்து, 2022-இல் அணைக்குக் கீழே இனப்பெருக்கம் செய்வது கண்டறியப்பட்டது. அங்குள்ள அரிய மீனான ஹம்ப்பேக் சப்புக்கு அது பேராபத்து. ஆகவே அங்கே பாதுகாப்பு என்றால் ஸ்மால்மவுத்தை அகற்றுவது.

ஓசார்க்கிலும் இதன் சிறு வடிவம் உண்டு. மெராமெக், பர்பஸ், பிக் ஆறுகளில் அவற்றுக்குச் சொந்தமல்லாத, பாஸின் மற்றோர் இனமான ஸ்பாட்டட் பாஸ் பரவி, ஸ்மால்மவுத்தோடு இடத்துக்குப் போட்டியிடுகிறது, கலப்பினமும் உண்டாக்குகிறது. அதனால் அந்த ஆறுகளில் ஸ்பாட்டட் பாஸுக்கு நீள வரம்பு இல்லை. நாளுக்குப் பன்னிரண்டு வரை எடுக்கலாம் என்று தளர்த்தினார்கள். அங்கே பிடித்த ஸ்பாட்டடைப் பாசத்தோடு திரும்ப விடுபவர் ஸ்மால்மவுத்துக்கு நன்மை செய்யவில்லை. டெக்சஸின் மாநில மீனான குவாடலூப் பாஸுக்கு நேர்ந்ததும் கலப்புதான்: 1970-களில் மாநிலமே கொண்டுவந்து விட்ட ஸ்மால்மவுத் அதனோடு கலந்தது; பண்ணையில் தூய இனத்தை வளர்த்து ஆறுகளில் மீண்டும் மீண்டும் விட்டுத்தான் சில ஆறுகளில் அதை மீட்டெடுக்க முடிந்தது.

நீண்டகால நோக்கில் ஆற்று பாஸுக்கு மிகுதியாக உதவுவது கரையும் படுகையும் நல்ல நிலையில் இருப்பதே. கரைமரங்களை வெட்டினால் மண் சரிந்து மடுக்கள் தூர்ந்துபோகின்றன. கூடுகட்டும் சரளை இடுக்குகளில் சேறு படிகிறது. பாஸின் முதன்மை இரையான, இறாலைப் போன்ற நன்னீர் உயிரியான கிரேஃபிஷ் கல்லடியில் தங்க இடமின்றிக் குறைகிறது. மாடுகளை நேராக ஓடையில் இறங்க விடாமல் வேலியிட்டு, கரையில் ஒரு பட்டை நிலத்தை மரங்களுக்கு விட்டுவைக்கும் ஒரு பண்ணையாளர், நூறு தூண்டில்காரர்களின் நல்லெண்ணத்தைவிட அதிகமான மீனை ஆற்றுக்குக் கொடுக்கிறார் என்பது என் உறுதியான கருத்து.

உங்களுக்கு நடைமுறையில் வேண்டியவை சில. உரிமம் வாங்கும்போதே அந்த ஆண்டின் விதிநூலை எடுத்து, மாநிலப் பொதுவிதியோடு நிறுத்தாமல், நீங்கள் போகும் ஆற்றின் பெயரைத் தேடிப் பாருங்கள். ஒரே ஆற்றில் ஒரு பாலத்துக்கு மேலே ஒரு விதியும் கீழே வேறு விதியும் இருக்கலாம், ஆண்டுக்கு ஆண்டு மாறவும் செய்யும். ஸ்மால்மவுத், ஸ்பாட்டட், லார்ஜ்மவுத் மூன்றையும் வேறுபடுத்தத் தெரியாமல் எதையும் எடுக்காதீர்கள். மீனின் வாயை மூடி, வால் நுனிகளைச் சேர்த்துப் பிடித்து, தட்டையான அளவுகோலின் மேல் வைத்து நீளம் பாருங்கள். வரம்புக்குரிய கோட்டைத் தொடவில்லை என்றால் அது அளவு குறைந்த மீன்தான். தூண்டில் முள் தொண்டைக்குள் போயிருந்தால் தோண்டி எடுக்க முயலாமல் தூண்டில் நரம்பை வாய்க்கு நெருக்கமாக வெட்டி விடுங்கள். வரம்புக்குக் குறைந்த மீன் பிழைக்காது என்று தோன்றினாலும் அதைத் தண்ணீரில்தான் விட வேண்டும். சாகப்போகிறதே என்று எடுத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிப்பதில்லை. சாப்பிட எடுப்பதானால் பாதரசம் போன்ற நச்சுகள் குறித்த எச்சரிக்கைப் பட்டியலையும் பாருங்கள்: பென்சில்வேனியாவில் பொழுதுபோக்காகப் பிடித்த மீனை வாரத்துக்கு ஒரு வேளைக்கு மேல் உண்ண வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை, சில ஆறுகளுக்கு அதைவிடக் கடுமையான வரம்பும் உண்டு. கரையோரத்தில் வெண்புண்ணோடு குஞ்சுகள் மிதப்பதைக் கண்டால், இடத்தையும் நாளையும் குறித்து, படம் எடுத்து, அன்றே மாநில மீன்வளத் துறைக்குத் தெரிவியுங்கள். சிறு குஞ்சுகள் விரைவில் அழுகிப்போவதால், தாமதித்தால் ஆய்வுக்கு எடுக்க எதுவும் மிஞ்சாது.